போர் போட்டால் தீர்ந்துவிடுமா?

"சார், பிஸ்டன் பிடிச்சிடுச்சு. போர் போட்டுடலாம், கவலைப்படாதீங்க."

டூ-ஸ்ட்ரோக் வண்டி வைத்திருந்த எவரும் இந்த வாக்கியத்தை வாழ்நாளில் ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். லாம்பிரெட்டா, யெஸ்டி, ராஜ்தூத், டி.வி.எஸ். 50 என்று எந்த வண்டியானாலும் வாக்கியம் மாறாது. நானும் கேட்டிருக்கிறேன். தலையாட்டிவிட்டுப் பணம் கொடுத்திருக்கிறேன். இந்த வயதில்தான் அந்த வாக்கியத்தின் மேல் எனக்குக் கோபம் வந்திருக்கிறது. காரணத்தைச் சொல்கிறேன்.

1989ஆம் வருடம் ஆபீசில் மோட்டார் சைக்கிள் அட்வான்ஸ் போட்டு வாங்கிய யமஹா ஆர்.எக்ஸ். 100 ஒன்று என்னிடம் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு அதை ஓட்டுவது குறைந்து, துணி போர்த்தி வீட்டு ஓரமாக நிறுத்தியிருந்தேன். என் தங்கை பேரன் வந்து, "தாத்தா, சும்மாதானே நிக்குது, எனக்குக் குடுங்களேன்" என்று கேட்டான். கொடுத்தேன். அவன் முன் மட்கார்டை உயர்த்தி, மண்ணில் பிடிக்கிற பட்டன் டயர் மாட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் சிநேகிதர்களோடு அயனம்பாக்கம் ஏரியைத் தாண்டியுள்ள காலி மனைகளில் மேடு பள்ளம் ஏறி இறங்கி ஓட்டிக்கொண்டிருந்தான். சென்ற சித்திரை வெயிலில் ஒரு நாள் என்ஜின் பிடித்துக்கொண்டது. பக்கத்து மெக்கானிக் ஒருவர் மேலே சொன்ன வாக்கியத்தைச் சொன்னார். புது பிஸ்டன், ரிங், போர், கூலி எல்லாம் சேர்த்து நாலாயிரம் சொச்சம் ஆயிற்று.

மூன்றே வாரம். வானகரம் - அம்பத்தூர் சாலையில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது மறுபடியும் பிடித்தது. பின் சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. பையன் தூக்கி எறியப்பட்டான். பின்னால் வந்த தண்ணீர் லாரிக்காரர் சமயத்தில் பிரேக் போட்டார். காறை எலும்பு முறிவோடு தப்பித்தான். லாரி டிரைவர் ஒரு விநாடி தாமதித்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதும் தெம்பு எனக்கு இருந்திருக்காது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் அதே கடையில் விட்டோம். "சார், மறுபடி பிடிச்சிடுச்சு. அடுத்த சைஸ் போர் போட்டுடலாம்" என்றார் மெக்கானிக்.

"ஏன் தம்பி பிடிச்சுது?"

"பழைய வண்டி சார். அப்படித்தான்."

இதுதான் என் வழக்கு. அந்தத் தம்பி கெட்டவர் அல்ல. கை வேலை சுத்தம். ஆனால் சீஸ் ஆவது ஒரு நோயின் முடிவு. அதுவே நோய் அல்ல. முடிவை மட்டும் சரிசெய்துவிட்டுக் காரணத்தை உள்ளேயே விட்டால், புது பிஸ்டனும் அதே இடத்தில் அதே மாதிரி போய்த்தான் பிடிக்கும். அலுவலகத்தில் புகார் மனு வந்தால், விசாரிக்காமல் 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று எழுதிக் கோப்பை முடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது மாதம் அதே மனு திரும்பி வரும். போர் போடுவதும் பல கடைகளில் இப்போது அப்படித்தான் நடக்கிறது.

பிஸ்டன் ஏன் பிடிக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்.எக்ஸ். 100இன் சிலிண்டர் 50 மில்லிமீட்டர் விட்டம், பிஸ்டன் நகரும் தூரமும் 50 மில்லிமீட்டர். மொத்தம் 98 சிசி. பிஸ்டன் அலுமினியக் கலவை. அது உரசும் சுவர் வார்ப்பிரும்பு. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரை நூறு பங்கிட்டால் ஏறக்குறைய நான்கு பங்கு. நம் தலைமுடியின் கனம்கூட இல்லை. சூடேறினால் அலுமினியம் இரும்பைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அந்த இடைவெளியில் ஓர் எண்ணெய்ப் படலம் இருக்கிறவரைதான் வண்டி ஓடும். ஃபோர்-ஸ்ட்ரோக் என்ஜினுக்கு அடியில் தனியாக ஆயில் இருந்து சுற்றி வரும். டூ-ஸ்ட்ரோக்குக்கு பெட்ரோலோடு சேர்ந்து வருகிற ஆயில் மட்டுமே. உள்ளே வரும் பெட்ரோல் கலவை இன்னொரு வேலையும் செய்கிறது: பிஸ்டனைக் குளிரவைக்கிறது. எனவே பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடும் ஏறும்.

ஆகவே பிடிப்பதற்குக் காரணங்கள் எண்ணிவிடக்கூடியவைதான். ஒன்று, ஆயில் வரவில்லை. இரண்டு, காற்று அதிகமாகி பெட்ரோல் குறைந்து கலவை மெலிந்துவிட்டது. மூன்று, சூடேறாத என்ஜினை எடுத்த எடுப்பில் முறுக்கியதால், இரும்பு விரிவதற்கு முன் பிஸ்டன் விரிந்துவிட்டது. நான்கு, போர் போட்டவர் இடைவெளி சரியாக விடவில்லை. ஐந்து, ஏர் ஃபில்டர் வழியாக மண் உள்ளே போயிற்று. மண்ணில் ஓட்டுகிற வண்டிக்கு ஐந்தாவதை மறக்கவே கூடாது.

இந்த ஐந்தில் எது என்பதை யாரிடம் கேட்பது? பிஸ்டனிடம்தான் கேட்க வேண்டும். அதன் உடம்பிலேயே எழுதியிருக்கிறது.

பிஸ்டன் தலையில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது சைலன்சர் பக்கம், அதாவது முன் பக்கம் பார்க்கும். அந்த முன் பக்கத்தில் மட்டும் மேலிருந்து கீழாகக் கீறல் இருந்தால், சூடு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். கலவை மெலிந்ததா என்று முதலில் தேட வேண்டும். சுற்றிலும் எல்லாப் பக்கமும் கீறியிருந்தால் ஆயில் கிடைக்கவில்லை. பின்னின் இரு புறமுமாக நான்கு மூலைகளில் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால், குளிர் என்ஜினை முறுக்கியது அல்லது இடைவெளி போதாதது. கார்புரேட்டர் பக்கம், அதாவது பின் பக்கத்துச் சுவர் மங்கலாக, உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் இருந்தால் மண். ஒரே ஒரு ஆழமான பள்ளம் நேர்க்கோடாக இருந்தால், பின்னைப் பிடித்திருக்கும் லாக் கழன்று உரசியிருக்கிறது. பிஸ்டன் தலையின் ஓரம் எறும்பு அரித்தாற்போல் பொத்தலாக இருந்தால், உள்ளே வெடிப்பு முறை தவறி 'டிங் டிங்' என்று அடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

இதைப் படிக்க ஐந்து நிமிடம் போதும். படிக்காமலே எத்தனை பிஸ்டன்கள் பழைய இரும்புக்காரனிடம் போயிருக்கும்!

அன்று நான் செய்தது இதுதான். "போர் போட வேண்டாம் தம்பி, பழைய பிஸ்டனைக் கொடுங்கள்" என்றேன். "எந்தப் பழசு சார்?" "இரண்டும்." கடை மூலையில் இருந்த தகர டின்னில் துழாவி, மூன்று வாரத்துக்கு முன் கழற்றியதையும் எடுத்துக் கொடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டிலும் சைலன்சர் பக்கம், ஒரே இடத்தில், ஒரே அகலத்தில் கீறல். இரண்டு சாட்சிகளும் ஒரே வாக்குமூலம். மெக்கானிக் தம்பி பேசவில்லை.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினோம். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் பிளக்குக்குப் பெயர் 'பூழி'. மெழுகுவர்த்திக்கும் அதே சொல்தான். மெழுகுவர்த்தியின் சுடரைப் பார்த்துக் காற்றடிக்கிறதா என்று சொல்வதுபோல, பிளக்கின் முனையைப் பார்த்துக் கலவையைச் சொல்லலாம். காபிப் பொடி நிறம் என்றால் சரி. கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோலோ ஆயிலோ அதிகம். வெளுத்திருந்தால் மெலிந்த கலவை. சோழவரத்து ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் போய்ப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்; முழு வேகத்தில் வந்து கிளட்சைப் பிடித்து என்ஜினை அணைத்து, உடனே பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். எங்கள் பிளக் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது.

பையனைக் கேட்டேன், "இதுக்கு முன்னாடி வண்டி ஏதாவது சொல்லிச்சா?" யோசித்துவிட்டுச் சொன்னான்: "சிக்னல்ல ஆக்ஸிலேட்டரை விட்டாலும் என்ஜின் இறங்காது தாத்தா. கொஞ்ச நேரம் கத்திக்கிட்டே இருக்கும். கடைல சொன்னேன். ஸ்க்ரூவைத் திருப்பி ஸ்லோவைக் குறைச்சுக் குடுத்தாங்க."

ஆக, வண்டி முன்கூட்டியே சொல்லியிருக்கிறது. எங்கிருந்தோ திருட்டுக் காற்று உள்ளே வருகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. ஸ்க்ரூவைத் திருப்பி அதன் வாயை மூடிவிட்டார்கள்.

எங்கிருந்து காற்று என்பதையும் கண்டுபிடிக்கலாம். சைலன்சர் துளையையும் கார்புரேட்டர் இருந்த இடத்தையும் ரப்பர் வைத்து அடைத்துவிட்டு, என்ஜினுக்குள் மெதுவாகக் காற்றை அடித்து, இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கான கருவி கடையில் இல்லை. என் வீட்டில் இருந்தது: என்னுடைய பி.பி. பார்க்கிற கருவி! பல்பும் டயலும் உள்ள பழைய மாடல். அதன் டயலில் 300 என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 0.4 கிலோ அழுத்தம். இந்தச் சோதனைக்கு அவ்வளவுதான் வேண்டும், அதற்கு மேல் ஏற்றவும் கூடாது. நல்ல என்ஜின் ஒரு நிமிடம் போனாலும் முள்ளைப் பெரிதாக இறக்காது. எங்களுடையதில் பத்து எண்ணுவதற்குள் முள் கீழே விழுந்தது. சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவிக்கொண்டே போனோம். மேக்னெட்டைக் கழற்றியதும் அந்தப் பக்கத்து கிராங்க் ஆயில் சீலில் நுரை நுரையாக வந்தது. வருஷக்கணக்கில் நின்ற வண்டி. ரப்பர் காய்ந்து விறைத்துவிட்டது. அந்த சீல் நூறு ரூபாய்க்குள் கிடைக்கிற பொருள்.

நூறு ரூபாய் சீலைப் பார்க்காததால் நாலாயிரம் ரூபாயும் ஒரு காறை எலும்பும் போயின.

இனி எனக்குச் சொல்லப்பட்ட சமாதானங்களுக்கு வருகிறேன்.

முதலாவது, "பழைய வண்டி அப்படித்தான்." இல்லை. சீல் காய்வது வயதால், அது உண்மை. ஆனால் வயதானால் என்னென்ன காயும், எதையெதைப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்த விஷயம். கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள ரப்பர் வெடிக்கும், சீல் விறைக்கும், பேக்கிங் ஒழுகும். வயதைக் காரணம் காட்டிப் பரிசோதனையை விட்டுவிடும் டாக்டரிடம் நாம் யாராவது போவோமா?

இரண்டாவது, "ஆயிலைக் கூட ஊத்துங்க, பிடிக்காது." இது பாதி உண்மை என்பதால் முழுப் பொய்யைவிட ஆபத்தானது. கார்புரேட்டர் ஜெட் துளை வழியாகப் போவது பெட்ரோலும் ஆயிலும் சேர்ந்த கலவை. ஆயிலை ஏற்றினால் அதே துளையில் போகும் பெட்ரோல் குறையும். மெலிந்த கலவையால் பிடிக்கிற வண்டிக்கு இது நோயைக் கூட்டும். சைலன்சரில் கரியும் அடைக்கும். பெட்ரோல் பங்கில் கைப்பம்பைச் சுற்றி ஆயில் கலந்து கொடுத்த நாட்களில் ஸ்கூட்டர்களுக்கு இரண்டு சதவீதம், அதாவது லிட்டருக்கு 20 மில்லி என்று ஒரு கணக்கு இருந்தது. கணக்கு என்றால் கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

மூன்றாவது, "ஆயில் பம்பைக் கழட்டிட்டு டேங்கிலேயே கலந்துடலாம், அதுதான் சேஃப்." ஆக்ஸிலேட்டர் திருகுவதற்கு ஏற்ப ஆயிலைக் கூட்டிக் குறைக்கிற அந்தப் பம்பை யமஹா 1964இல் ஓய்.ஏ.-6 என்ற வண்டியில் கொண்டுவந்தது. ஆர்.எக்ஸ்.ஸிலும் அந்த ஏற்பாடுதான். டேங்கில் கலந்தால், இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை மூடிவிட்டு கியரில் இறங்கும்போது என்ஜின் வேகமாகச் சுற்றும், பெட்ரோல் வராது, ஆயிலும் வராது. பம்ப் கெட்டிருந்தால் சரிசெய்யலாம். குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் வெளியேற்றலாம். கேபிளை அதற்குரிய குறியில் வைக்கலாம். பந்தயக்காரர்கள் வேறு காரணத்துக்காகக் கழற்றுவார்கள், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் என்ஜினைப் பிரித்தும் பார்ப்பார்கள். தெருவில் ஓடுகிற வண்டிக்கு அது பொருந்தாது.

நான்காவது, இப்போது புதிதாக வந்திருப்பது: "எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோலால் சார்." இதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. 2025க்குள் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் எங்கும் என்று ஆகிவிட்டது. எத்தனாலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன். சுத்தமான பெட்ரோல் எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். எனவே பழைய ஜெட்டையே வைத்திருந்தால் கலவை சற்று மெலிந்துதான் போகும். மாதக்கணக்கில் நின்றால் எத்தனால் ஈரத்தை உறிஞ்சி, தண்ணீரோடு டேங்க் அடியில் தனியாகத் தங்கும். அந்த அடித்தட்டில் ஆயில் கலக்காது, குழாய் எடுப்பதோ அடியிலிருந்து. ஆகவே பழைய டூ-ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் பிளக் நிறம் பார்த்து மெயின் ஜெட்டை ஒரு நம்பர் பெரிதாக்குவதும், டேங்கில் பழைய பெட்ரோலை விட்டுவைக்காததும் நல்லது. ஆனால் எத்தனாலைத் திட்டிவிட்டுச் சீலைப் பார்க்காமல் விடுவது அதே பழைய சோம்பேறித்தனம்தான். எங்கள் சீல் ஒழுகியதற்கும் பெட்ரோல் பங்குக்கும் சம்பந்தமில்லை.

காரணம் தெரிந்த பிறகு செய்கிற ரிப்பேருக்கும் ஒரு முறை உண்டு. கீறல் எல்லாமே போர் போட வேண்டியதல்ல. பல சமயம் சுவரில் தெரிவது பள்ளம் அல்ல, ஒட்டிக்கொண்ட அலுமினியம். காஸ்டிக் சோடாக் கரைசலை துணியில் தொட்டுத் தடவினால் அலுமினியம் கரையும், இரும்பு அப்படியே நிற்கும். கையுறை, கண்ணாடி அவசியம். வெளி அலுமினியத்தில் படக் கூடாது. பிறகு நன்றாகக் கழுவ வேண்டும். கழுவியபின் நகத்தால் தடவி, பள்ளம் தட்டவில்லையென்றால், மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில், இரு திசைகளில் அளந்து பார்த்துவிட்டு லேசாக ஹோனிங் செய்து புது பிஸ்டன் போடலாம். பள்ளம் தட்டினால் போர். அப்போதும் முதலில் பிஸ்டனை வாங்கி, லேத்காரர் கையில் கொடுத்து, அதை அளந்து அதற்கேற்பப் போர் போடச் சொல்ல வேண்டும். 'கால் பாயின்ட் போடுங்க' என்று சிலிண்டரை மட்டும் கொடுத்தனுப்புவது, கால் அளவு கொடுக்காமல் செருப்பு தைக்கச் சொல்வது போல. ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்க்க வேண்டும். பின் லாக் எப்போதும் புதிது. கிராங்க் அறைக்குள் விழுந்த அலுமினியத் தூளைக் கழுவி எடுக்க வேண்டும். அது பேரிங்கைத் தின்றுவிடும். மண்ணில் ஓட்டுகிறவர்கள் ஒவ்வொரு ஞாயிறும் ஏர் ஃபில்டரைக் கழுவி எண்ணெய் தடவ வேண்டும். ஒன்று கூடுதலாக: இன்றைய வெளிநாட்டு மண் பைக்குகள் பலவற்றில் இரும்பு லைனரே கிடையாது, அலுமினியச் சுவரின் மேல் நிக்கல் பூச்சு. ஜெர்மனியின் மாலே நிறுவனம் 1967இல் கொண்டுவந்த முறை அது. அதற்குப் போர் போட்டால் பூச்சே போய்விடும்.

இதெல்லாம் நம் ஊருக்குத் தெரியாத வித்தை அல்ல. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949 முதல் இருக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மைக்ரோமீட்டரைக் கையில் பிடித்தே வாழ்நாளைக் கழித்தவர்கள் அயனம்பாக்கத்திலும் அத்திப்பட்டிலும் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். தொழிற்சாலைக்குள் நூற்றில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பொருளைத் தள்ளிவிடும் நாம், வெளியே வந்ததும் 'ஏதோ போட்டுக் கொடுப்பா' என்று ஆகிவிடுகிறோம்.

இங்கேதான் என்னையும் சேர்த்துக்கொள்கிறேன். மெக்கானிக் தம்பி ஒரு நாள் என்னிடம் கேட்டார்: "சார், சீல் பார்க்கணும், பிளக் பார்க்கணும்னு அரை நாள் செலவழிச்சா, யாரு சார் காசு குடுக்கிறாங்க? பிஸ்டன் மாத்தினா குடுக்கிறாங்க." பதில் சொல்ல முடியவில்லை. மாற்றிய பொருளுக்கு நாம் கேள்வி கேட்காமல் கொடுக்கிறோம்; பார்த்ததற்கு நூறு ரூபாய் கேட்டால் 'சும்மா பார்த்ததுக்கா?' என்கிறோம். காரணம் தேடுவதற்குக் கூலி இல்லாத ஊரில் காரணம் எப்படி வெளியே வரும்? அன்று அவருக்கு அரை நாள் கூலியைத் தனியாகக் கொடுத்தேன். முதலில் வாங்க மறுத்தார்.

ஆகவே வாசக நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவே. உங்கள் வீட்டுப் பிள்ளையின் டூ-ஸ்ட்ரோக் பிடித்துக்கொண்டால், பழைய பிஸ்டனைக் கையில் வாங்கிப் பாருங்கள். எந்தப் பக்கம் கீறியிருக்கிறது என்று கேளுங்கள். ஏன் என்று கேளுங்கள். பதில் வரும்வரை போருக்குச் சம்மதிக்காதீர்கள். பார்க்கிற நேரத்துக்குக் கூலி கொடுங்கள். வண்டி ஓட்டுகிற பிள்ளையிடம், என்ஜின் இழுப்பதுபோல் தோன்றிய மறுகணம் கிளட்சைப் பிடி, இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் மேல் இருக்கட்டும் என்று சொல்லுங்கள். எங்கள் பையனுக்கு நான் அதைச் சொல்லியிருக்கவில்லை. அந்தக் குற்றம் என்னுடையது.

வண்டி இப்போது ஓடுகிறது. காறை எலும்பும் கூடிவிட்டது. அந்த இரண்டு பிஸ்டன்களும் என் மேஜை மேல் இருக்கின்றன, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறேன். போன வாரம் மெக்கானிக் தம்பி வந்து ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். கடையில் பையன்களுக்குக் காட்டணுமாம்.